நூல் கட்டிய செபமாலை

இன்று முள்ளியவளை தேவாலயக் கொட்டிலில் என் முதலாவது உளவளத்துணைக் கூட்டம். கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்த பெண்கள் வட்டமாக இருந்தார்கள்.

"கண்ணை மூடி, மூச்சை மெதுவா விடுங்கோ" என்றேன்.

ஒருவரும் மூடவில்லை. குண்டுவிமானம் வருமோ என்று எல்லோருடைய காதும் வானத்திலேயே இருந்தது.

மகன் காணாமல் போனதிலிருந்து பேசாத திரேசம்மா அக்கா மூலையில் செபமாலையோடு இருந்தார். அதில் ஒரு மணியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

திடீரென்று கிபிர் விமானம் இரைந்தது. பக்கத்துப் பங்கர் குழிக்குள் பாய்ந்தோம். கிட்டத்தில் குண்டு விழ, மண் தலையில் கொட்டியது. எனக்கு மூச்சே வரவில்லை.

யாரோ என் கையைப் பிடித்தார்கள்.

"மூச்சை மெதுவா விடுங்கோ, பிள்ளை."

திரேசம்மா அக்கா!

அவரே செபத்தையும் தொடங்கினார், நூல் கட்டிய மணியிலிருந்து. ஒவ்வொரு முறையும் விமானம் போனதும் எல்லோரும் செபத்தைப் பாதியில் விட்டு வெளியே ஓடிவிடுவதால், விட்ட இடத்துக்கு அவர் வைத்த அடையாளம் அது என்று பின்னர் அறிந்தேன்.

இன்றும் இரைச்சல் ஓய்ந்தது. பெண்கள் எழுந்தார்கள்.

"இருங்கோ. இண்டைக்கு முடிச்சிட்டுப் போவம்" என்றார் திரேசம்மா அக்கா.

எல்லோரும் மறுபடி இருந்தார்கள். கண்களை மூடிக்கொண்டு.

முடிந்ததும் அந்த நூலை அவிழ்த்து என் கையில் வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் இவர்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.