ஒரு தும்மல்கூட வராத எனக்கு

போன மாதம் எங்கள் கருக்களாச்சேரியில் கொரோனா சர்வேக்காக ரத்தம் எடுத்த நர்ஸை இன்று காரைக்கால் பஸ்ஸில் பார்த்தேன். அன்று வீட்டுக்கு ஒருவர் போதும் என்றதும், காய்ச்சலே வராத ஆள் என்று வீட்டில் என்னைத்தான் முன்னால் தள்ளிவிட்டார்கள். கொரோனா என்று தெருப் பெயர் கெடக்கூடாதாம்.

நர்ஸ் காதோரம் சொன்னார்: “ஒங்க ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்குக்கா. கொரோனா வந்து போயிருக்கு.”

“ஒரு தும்மல்கூட வரலையே! ஊசியும் இன்னும் போடலையே!”

“நிறைய பேருக்குத் தெரியாமலே வந்துட்டுப் போயிடுது. எத்தன பேருன்னு பாக்கத்தான் இந்த டெஸ்டே.”

அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மாமியார் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போலகத்திலிருந்து வந்துபோன நாத்தனார்தான் ஒட்டிவிட்டாள் என்று வாசலில் நின்று கத்தியவள் நான். அன்றோடு அவள் வருவதே இல்லை.

அதுவரை மாமியாருக்குத் தினமும் தலை வாரிவிட்டவளும் நான்தான்.

“யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“அது இந்த டெஸ்ட்ல தெரியாதுக்கா” என்று சொல்லிவிட்டு நர்ஸ் இறங்கிப் போய்விட்டார்.

நாத்தனார் நம்பரை நாலு தடவை எடுத்துவிட்டேன். “சாப்டியா?” என்று ஆரம்பிக்கலாமா?

அவள் இடத்தில் நீங்கள் இருந்தால், என் போனை எடுப்பீர்களா?