நாற்பத்தோராம் இலக்கக் குரல்

கொயர், அதுதான் பாடகர் குழு, நடத்துகிற வேலை ஒரு வினோதமான வேலை: மேடையில் வாய் திறக்காமல் நிற்கிற ஒரே ஆள் நாங்கள்தான், ஆனால் பாட்டுப் பிழைத்தால் ஏச்சு விழுகிறதும் எங்களுக்குத்தான். இதை வாசிக்கிறவர்களில் யாராவது கோயில் கொயரோ பள்ளிக்கூடக் கொயரோ நடத்துகிறவர்களாக இருந்தால், ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருங்கோ. எங்கள் எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் போத்தலுக்குள் மருந்துக் குளிசை அடைத்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் படித்து மியூசிக் டீச்சராகி, ஞாயிறுகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ்க் கொயரையும் இழுத்துக்கொண்டு, கடைசியில் மாணவர் தெரிவுக் கொயர் நடத்தக் கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டேன். தெரிவுக் கொயர் என்றால், பல உயர்பள்ளிகளில் இருந்து பொறுக்கி எடுத்த அறுபது பிள்ளைகள். மூன்று சனிக்கிழமை ஒத்திகை, நாலாவது சனிக்கிழமை கச்சேரி. எங்கள் தொழிலில் அது பெரிய மரியாதை. கரைச்சலும் அதே அளவுதான்.

முதுகு

முதல் வருஷக் கச்சேரிக்கு எங்கள் பங்கு அன்ரிமார் ஒரு வான் பிடித்து லொங்குய்ய் வரைக்கும் வந்துவிட்டார்கள். முன் வரிசையில் வரிசையாக இருந்தார்கள். நான் கறுப்புச் சீலை. நாலு மொழியில் பாட்டு. கடைசிப் பாட்டு முடிய சபை முழுக்க எழும்பி நின்று கைதட்டியது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் ஆளாக வந்து கையைப் பிடித்தவர் றீற்றா அன்ரி. எங்கள் தமிழ்க் கொயரின் மூத்த குரல் அவர்தான், வாயால் நல்ல சொல் வருவது குறைவு. இன்றைக்காவது ஏதாவது சொல்லுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளை, ஒண்டரை மணித்தியாலம் உம்மட முதுகைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். பிளவுஸ் பின்பக்கம் வலு வடிவு. ஆர் தைச்சது?”

அறுபது பேரும் முதல் ஆள்

இந்தக் கொயருக்கு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் தன் பள்ளிக்கூடத்தில் முதல் ஆள். கிறிஸ்மஸ் கச்சேரியில் தனிப்பாட்டு அந்தப் பிள்ளைக்குத்தான், வீட்டில் விருந்துக்கு ஆக்கள் வந்தால் எழுப்பி நிற்பாட்டிப் பாடச் சொல்வதும் அந்தப் பிள்ளையைத்தான். இங்கே வந்து பார்த்தால் முன்னுக்கும் பின்னுக்கும் பக்கத்திலும் நிற்கிறது எல்லாம் முதல் ஆக்கள். முதல் சனிக்கிழமை, ஈரப் பனிச் சப்பாத்துகளோடு ஏறி நின்று அறுபது பேரும் அறுபது தனிப்பாட்டுப் பாடுவார்கள். ஐயோ, காது அடைத்துப் போகும்! அவர்களுக்குப் பாடப் பழக்குகிற வேலை எனக்கு இல்லை, அது ஏற்கெனவே வரும். பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்கப் பழக்குவதுதான் என் வேலை. “உன்ர குரல் உனக்கே பெரிசாக் கேட்டால் நீ பிழை” என்று பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் மாறி மாறிக் கத்துவேன். கச்சேரி அன்று ஒருவருடைய குரலும் தனியாகக் கேட்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தலாம். தகப்பன்மாருக்கு ஏலாது. ஒரு முறை கச்சேரி முடிய ஒரு தமிழ் அண்ணை வந்து, “டீச்சர், கொட்டுற ஸ்னோவுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் கார் ஓடி வந்தனான், என்ர பிள்ளையின்ர குரல் ஒரு இடத்திலயும் கேக்கேல்லை” என்றார். அதுதான் அண்ணை எங்கட வெற்றி, கேக்கக் கூடாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கேக்காமல் இருக்கிறதெண்டால் நான் வீட்டிலயே இருந்திருப்பன்தானே டீச்சர்!”

குக்கர்

பிள்ளைகளைத் தெரிவு செய்கிறது எப்படித் தெரியுமோ? எல்லாரும் ஒரே பாட்டைப் பாடி, ரெக்கோர்ட் பண்ணி அனுப்ப வேண்டும். பெயர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, வெறும் இலக்கம். பெயர்ப் பட்டியல் இதை ஒழுங்கு செய்கிற ஜோஸ்லினிடம் மட்டும் இருக்கும். நானும் மார்சல் என்கிற இன்னொரு மியூசிக் டீச்சரும் ஒரு அறைக்குள் இருந்து நாள் முழுக்கக் கேட்போம். மார்சல் அறுபது வயது கியூபெக்காரர், சிரிக்கத் தெரியாது.

இலக்கம் மட்டும்தான் என்றாலும் பாட்டோடு வீடும் சேர்ந்து வந்துவிடும். நாய் குரைக்கும். ஸ்னோ தள்ளுகிற லொறி பீப் பீப் என்று றிவேர்சில் போகும். ஒரு ரெக்கோர்டில், பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில், பிரஷர் குக்கர் விசில் அடித்தது. எங்கட ஆக்கள்! மார்சல் கண்டுபிடிக்கக் கூடாதே என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, பக்கச்சார்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு புள்ளி குறைத்தே போட்டேன். மார்சல் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டார். பியானோவில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில், தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“விசில் சுருதியில் சரியாக நிற்கிறது, மடாம். பிள்ளைதான் விலகுகிறாள்.”

நாற்பத்தொன்று

மூன்றாம் வருஷம். ஆல்ற்றோ வரிசைக்கு, அதுதான் பெண் பிள்ளைகளில் தாழ்ந்த குரல்காரர், கடைசி இடம் ஒன்று மிச்சம். மார்சல் நாற்பத்தொன்றை எடுப்போம் என்றார். சுத்தமான ரெக்கோர்ட், நாயும் இல்லை, குக்கரும் இல்லை. நான் ஒருக்காக் கேட்டேன், வேண்டாம் என்றேன். கொயரை நடத்துகிறவரின் சொல்தான் கடைசிச் சொல். “நல்ல குரல். ஆனால் அறையில் வேறு ஒருவரும் இல்லை என்ற நினைப்பில் பாடுகிறாள். பக்கத்தில் நிற்பவரைக் கேட்க மாட்டாள்” என்று பிரெஞ்சில் குறிப்பும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிவும் குறிப்பும் பிள்ளைகளுக்குப் போயின. நான் ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டுக் குசினியில், புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றேன். மகள் அனெட் போனைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் எழுதின அந்த மூன்று வரியையும் எழுத்துப் பிசகாமல் பிரெஞ்சில் வாசித்தாள். இதெப்படி உன்னட்டை வந்தது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அம்மா சேர்த்துவிட்டா என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதற்காக, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல், தன் பள்ளிக்கூடத்திலேயே வைத்துப் பாடி அனுப்பியிருக்கிறாள். இந்த மாகாணத்தில் கலியாணம் கட்டினாலும் பெண்களுக்குப் பழைய பெயர்தான். நான் என் அப்பாவின் பெயரில் இருக்கிறேன், அவள் தன் அப்பாவின் பெயரில். ஜோஸ்லினுக்கும் தெரிய வழி இல்லை. ஆத்திரம் வந்தால் அனெட் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். அன்றைக்கு நின்று நிதானமாகத் தமிழில் சொன்னாள், “நாப்பத்தொண்டு நான்தான் அம்மா.”

நானோ, ஒருக்காக் கேட்ட குரலை மறக்க மாட்டேன் என்று ஊர் முழுக்கப் பீற்றித் திரிகிறவள். அந்தக் குரலை ஒவ்வொரு நாளும் காலமை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, “சுடுதண்ணி முடியப் போகுது, கெதியா வா!” என்று கத்தி அடக்குகிறவளும் நான்தான். என் மனுசன் யூட் அதிகம் கதைக்காத ஆள். அவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு எழும்பிப் போகும்போது சொன்னார்.

“உலகத்தில எல்லாற்ர குரலும் உமக்குத் தெரியும். பெத்த பிள்ளையின்ர குரலைத் தவிர.”

ஐஸ்

அதோடு வீட்டில் பாட்டு நின்றது. குளியலறைக் கதவடியில் நின்று காது கொடுத்தாலும் தண்ணி விழுகிற சத்தம் மட்டும்தான். இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள். அதைவிட நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இனி இவள் பாடவே மாட்டாளோ, நானே என் கையால் அந்த வாயை மூடிவிட்டேனோ என்று. உயர்பள்ளியில் அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம்தான். என் தீர்ப்புப் பிழை என்றாலாவது மனம் ஆறியிருக்கும். அந்த ரெக்கோர்டை எடுத்துப் பத்துத் தரம் கேட்டேன். குரலைத்தான் தெரியாமல் விட்டிருக்கிறேன், தீர்ப்பு சரி. அந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுகிறது?

ஒத்திகைக்கு ஒரு கிழமை இருக்க, ஒரு ஆல்ற்றோப் பிள்ளை பஸ் தரிப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டது. பாவம். காத்திருப்புப் பட்டியலில் முதல் இலக்கம் நாற்பத்தொன்று என்று ஜோஸ்லின் போன் எடுத்தார். நான் படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறி அனெட்டின் அறைக்குப் போனேன். கடவுளே, இவ்வளவு லேசாகக் கணக்குத் தீர்ந்துவிட்டதே என்று. அவள் புத்தகத்தில் இருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

“ஆரோ ஐஸில விழுந்ததுக்காக நான் வந்து பாட மாட்டன் அம்மா.”

பின் வரிசை

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிறு, பூசைக்கு முன்னம் தமிழ்க் கொயரைத் திரும்பிப் பார்த்தால், பின் வரிசையில் அனெட் நிற்கிறாள். நான் கூப்பிடவில்லை. எங்கள் தமிழ்க் கொயரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்: பதினொரு பேர், பதினொரு சுருதி. றீற்றா அன்ரி எனக்கு முன்னம் தொடங்கி எனக்கு முன்னம் முடித்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தமிழ் வாசிக்கத் திணறுகிறதால் வரிகளை இங்கிலிஷ் எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு, இவள் பாடினாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யூட்டைக் கேட்டுப் பாருங்கோ. கோடை முழுக்க ஒரு ஞாயிறோ இரண்டு ஞாயிறோ தவிர வந்தாள்.

குளிர் தொடங்குகிற நேரம், கோயில் வாசலில் றீற்றா அன்ரி என் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஏதோ முறைப்பாடு என்று நினைத்தேன்.

“உம்மட மகள் எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறாள். வாய் அசையுது, சத்தம் எனக்குக் கேக்கிறேல்லை. ஆனா பிள்ளை, அவள் வராத ஞாயிறு எனக்குப் பாட்டு எடுபடுதில்லை.”

கடைசி வருஷம்

அந்த வருஷம் ஜோஸ்லினிடம் போய், கொயரை நடத்துகிறேன், ஆனால் தெரிவுக்கு இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தார். மார்சலும் வேறொருவரும் இருந்து கேட்டார்கள். பட்டியல் வந்தபோது அனெட்டின் பெயர் இருந்தது. நான் துள்ளிக் குதிக்க முன்னம் அவள் மூன்று நிபந்தனை போட்டாள்: ஒத்திகைக்கு என்னோடு காரில் வர மாட்டாள், றெயினிலும் மெற்றோவிலும் தனியாகத்தான் வருவாள். அங்கே நான் அம்மா இல்லை, எல்லாருக்கும் போல ‘மடாம்’. பாடும்போது நான் அவளை உற்றுப் பார்க்கக் கூடாது. முதல் இரண்டையும் காப்பாற்றினேன்.

கச்சேரியில் ஒரு பாட்டின் நடுவில் ஆல்ற்றோக்கள் மட்டும் பாடுகிற இடம் ஒன்று. இரண்டாம் வரிசையில் நிற்கிறாள், எனக்கு எட்டடி தூரம். வாய் திறந்திருக்கிறது, கண் என் கையில் இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன். பதினைந்து பேரும் ஒரே ஆளாகக் கேட்டார்கள். அதற்குள் என் பிள்ளை எங்கே என்று கண்டுபிடிக்க ஏலவில்லை. தேடிக்கொண்டு நின்றதில் ஆண் பிள்ளைகளுக்குக் கை காட்ட மறந்தே போனேன். அவர்கள் பக்கத்து வரிசையைக் கேட்டுத் தாங்களாகவே சரியான இடத்தில் பாடத் தொடங்கிவிட்டார்கள். நான் அழுதேன். முதுகு காட்டி நிற்கிற வேலையில் அது ஒரு வசதி, சபைக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது மட்டும் அனெட் எங்களோடு காரில் ஏறினாள். யூட் ஓட்டினார். பாலத்தில் ஏறின பிறகு பின் சீட்டில் இருந்து, “அம்மா, என்ர குரல் கேட்டதோ?” என்றாள். பொய் சொல்லிவிடுவோமா என்று ஒரு கணம் யோசித்தேன். “இல்லைப் பிள்ளை, ஒரு சொட்டும் கேக்கேல்லை” என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

“போன வருஷமும் உங்களுக்குக் கேக்கேல்லைத்தானே அம்மா. இந்த முறை பிழை உங்களில இல்லை.”

பக்கத்தில் நிற்கிறவரைக் கேளுங்கோ என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிற நான், அதே பாடத்தை என் வீட்டுக் குளியலறைக் கதவடியில் ஒரு வருஷம் திரும்பப் படித்தேன் என்கிற விஷயத்தைத் தயவுசெய்து என் பள்ளிக்கூட அதிபருக்குச் சொல்லிவிடாதேயுங்கோ.