தொட்டில் கொக்கியில் ஒரு டிஸ்கோ பால்

ஒரு வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் தீக்குச்சி கிழித்ததில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டியும் பட்டாசும் செய்து அனுப்புகிற சிவகாசிப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில். சாமி படத்துக்கு பேட்டரி விளக்கு. தீபாவளிக்கு ஜன்னலை எல்லாம் அடைத்து, மேலே போர்வையைத் தொங்கவிட்டு, மூன்று பேரும் உள் அறையில் உட்கார்ந்திருந்தோம்.

காரணம் என் மனைவி. தாயில்பட்டிக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. அவள் பிழைத்து வந்தாள். ஆனால் வந்தது பாதி ஆள்தான். சமைப்பாள், துவைப்பாள், மகளுக்குத் தலை பின்னுவாள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பகலிலும் அப்படித்தான், சொந்த அக்கா வந்தாலும் அப்படித்தான்.

“சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது, விடுங்க மாப்ளே” என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போன சொந்தக்காரர்கள் உண்டு. என் பெண்டாட்டி பூனை இல்லை என்று கத்தத் தோன்றும். ஒரு முறை ஒருவரிடம் கத்தியும் விட்டேன். அவர் அதற்கப்புறம் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. மதுரையில் டாக்டர், “கொஞ்ச நாள் போகட்டும்” என்றார். நாள் போய்க்கொண்டுதான் இருந்தது. அவள்தான் வரவில்லை.

மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள் வந்தது. முந்தின வருஷம் கொண்டாடவில்லை. இந்த வருஷம் அவள் ஒரே பிடியாக நின்றாள்.

“அம்மா ஹால்ல வந்து உக்காந்தாத்தான் கேக் வெட்டுவேன். இல்லாட்டி வேண்டாம்.”

மனைவி உள்ளேயிருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். சோறு போடும்போது தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “தீ இல்லாம இருந்தா வாரேன்.”

அவள் தானாக வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இதைக் கோட்டைவிட்டால் இனி அவளாக இன்னொரு தடவை சொல்லவே மாட்டாள் என்று எனக்கு ஒரு பயம். மெழுகுவர்த்தி இல்லை, பொறி கக்குகிற கேக் குச்சி இல்லை, டப்பென்று வெடித்துக் காகிதம் தூவுகிற குழாய் இல்லை. எல்லாம் சரி. ஆனால் மகளின் முகம் சுருங்கிவிட்டது. கூடப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் வீட்டிலெல்லாம் வாணவேடிக்கை நடக்கும், நம் வீட்டில் டியூப்லைட் மட்டும்தானா என்று கேட்டாள். அப்புறம் என் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். மேலே ஒரு கண்ணாடி உருண்டை சுற்றிக்கொண்டிருக்க, சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளிகள் நகர்ந்தன.

“இதுல தீயே கிடையாதுப்பா.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். பஜாரில் ஸ்பீக்கரும் சீரியல் லைட்டும் விற்கிற ஒரு கடை.

“அண்ணாச்சி, டிஸ்கோ பால் வேணும். மின்னக் கூடாது. சத்தம் வரக் கூடாது.”

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “புளிக்காத புளி கேக்குறீக.”

முதலில் ஒரு பிளாஸ்டிக் உருண்டையை எடுத்துச் செருகினார். பாட்டுக்குத் தகுந்தபடி வெட்டி வெட்டி எரிந்தது. வேண்டாம் என்றேன். இன்னொன்று பச்சையும் சிவப்புமாகக் கோடு அடித்தது. அதுவும் வேண்டாம் என்றேன். “பார்ட்டிக்குத்தான வாங்குறீக?” என்றார் எரிச்சலாக. வீட்டில் நடந்ததைச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஏணி போட்டுப் பரணில் ஏறி, பழைய மாதிரி உருண்டை ஒன்றை இறக்கினார். சின்னச் சின்னச் சதுரமாகக் கண்ணாடி ஒட்டியது. அது தானாக எரியாது. மோட்டாரில் மெதுவாகச் சுற்றும். மூலையிலிருந்து ஒரு லைட்டை அதன் மேல் அடித்தால், அந்த வெளிச்சத்தைத்தான் சிதறவிடும். லைட்டோடு நான்கு கலர்த் தகடும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, சாப்பிட்டு முடிக்கும் வரை நிறுத்தாமல் வைத்திருந்து, கையை வைத்துப் பார்த்தேன். சூடில்லை. மூக்கை வைத்துப் பார்த்தேன். கருகல் வாசம் இல்லை. பிளக்கைத் தனி வயரில் இழுத்தேன். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொட்டில் கட்டிய கொக்கி ஹாலில் அப்படியே இருந்தது. அதில் மோட்டாரை மாட்டிவிட்டு, உருண்டையைச் சங்கிலியில் தொங்கவிடப் போனபோது பின்னால் குரல் கேட்டது.

“இரும்புச் சங்கிலியா மாட்டப் போறீக?”

மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமா. ஏன்?”

“இரும்போட இரும்பு உரசுனா பொறி வரும். தெரியாதாக்கும்.”

வெடிமருந்து ரூமுக்குள் இரும்பு கூடாது என்பது பட்டாசு வேலையில் முதல் பாடம். ஹாலில் மருந்து எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவளே உள்ளே போய் நூல் கயிறு எடுத்து வந்தாள். அவளே முறுக்கி, நான் ஸ்டூலில் ஏறி உருண்டையைப் பிடிக்க, அவளே நாற்காலியில் ஏறி முடிச்சுப் போட்டாள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். உருண்டையில் தன் முகம் துண்டு துண்டாகத் தெரிவதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். “எம்புட்டு மூஞ்சி” என்றாள். நான் ஸ்டூலில் நின்றபடியே சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

லைட்டை மட்டும் அவள் முன்னால் போடவில்லை. கேக் வெட்டும்போதுதான் போட வேண்டும் என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மா குளிக்கப் போன நேரத்தில் நானும் மகளும் கதவைச் சாத்திவிட்டுத் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தோம். சிவப்பு, பேச்சே இல்லை. நீலத்தில் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. வெள்ளை கண்ணைக் குத்தியது. மஞ்சளைப் போட்டேன். நான் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற மிஷின் ஓட்டுகிறவன். சாமி தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்துக்கு நாங்கள் ஓட்டுகிற அதே மஞ்சள். மஞ்சள் மங்கலம் என்று அதையே வைத்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். கூடவே இரண்டு மூன்று தாய்மார்களும் வந்தார்கள், எல்லாரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். மனைவி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஹாலுக்கு வந்து கதவை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்தாள். “வாங்க, நல்லாருக்கீகளா?” என்று அந்தப் பெண்களைக் கேட்டாள். அதைக் கேட்டு அவர்களுக்கே கண் கலங்கிவிட்டது. மகள் வெள்ளைக் கவுன் போட்டுக் கையில் கத்தியோடு நின்றாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

டியூப்லைட்டை அணைத்துவிட்டு உருண்டையின் ஸ்விட்சைப் போட்டேன்.

பிள்ளைகள் “ஓ” என்று கத்தினார்கள். சுவர், கூரை, தரை, எங்கும் மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்தன. மகளின் வெள்ளைக் கவுன் முழுக்க ஊர்ந்தன. சூடு, சத்தம், புகை, வாசம், உரசல் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு, துணியில் விழுந்த பொறி என்ன நிறத்தில் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

மனைவி எழுந்துவிட்டாள். அலறவில்லை. நேராகப் போய் மகளின் கவுனை இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தாள். தோளில், வயிற்றில், கவுன் மடிப்பில். ஒரு புள்ளியை அடித்தால் அது நகர்ந்து இன்னொன்று வந்தது. அதையும் அடித்தாள். வெடித்த அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் சேலையில் பற்றியதையும் இப்படித்தான் வெறும் கையால் அடித்திருக்கிறாள். கூட வேலை பார்த்த பெண்கள் அப்போது ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

ஒரு பிள்ளை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மகள் கத்தியை மேஜையில் வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி நின்றாள்.

“முதுகுலயும் இருக்கும்மா” என்றாள்.

மனைவி அவள் முதுகிலும் அடித்தாள். அப்போதுதான் என் கை ஸ்விட்சைத் தேடி அணைத்தது. எல்லாப் புள்ளியும் ஒரேயடியாகப் போய் ஹால் இருட்டாயிற்று. மனைவிக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

“அணைஞ்சிருச்சா?” என்றாள்.

“அணைஞ்சிருச்சும்மா.”

“எங்கயும் சுட்டுச்சா?”

“இல்லம்மா.”

நான் அதுவரை கேட்டறியாத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: “காப்பாத்திட்டேன்ல?”

“நீ காப்பாத்திட்டம்மா” என்றாள் மகள்.

அதற்கப்புறம்தான் மனைவி அழுதாள். வெடித்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். டியூப்லைட் ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.