தம்பி வீட்டோடு நின்ற கோடு

தெருவில் அவரை எல்லோரும் சத்தக்காரர் என்றுதான் சொல்வார்கள். லேத் பட்டறையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

மனைவி இறந்தபின் தனி ஆள். அப்பா கட்டிய வீட்டில் நடுவே சுவர் எழுப்பி, ஒரு பாதியில் அவரும் மறுபாதியில் தம்பி குடும்பமும் இருந்தார்கள். தம்பிக்குப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவன். ராத்திரிச் சாப்பாடு அண்ணனுக்கும் சேர்த்து அங்கேதான்.

அப்போதுதான் அதிவேக ரயில் பேச்சு வந்தது. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் மிச்சமாகுமாம். இந்த ஊரில் நிற்காதாம். அளக்க வந்தவர்கள் போட்ட சிவப்புக் கோடு ஒரு வரிசை வீடுகளை அப்படியே விழுங்கி, தம்பியின் பாதியோடு நின்றது.

முதல் கூட்டத்தில் மைக் மக்கர் செய்தது. மைக்கே தேவைப்படாத ஆள் இருக்கிறாரே என்று சத்தக்காரரை மேடையில் ஏற்றினார்கள்.

"ஆஸ்பத்திரியில ஒரே கட்டில்ல ரெண்டு பேரப் படுக்க வைக்கிறாங்க. நாம தினம் வேலைக்குப் போற ரயில்ல ரெண்டு பெட்டியக் கழட்டிட்டாங்க. கேட்டா காசில்லையாம். இதுக்கு மட்டும் இத்தனை கோடி எங்கேருந்து வந்துச்சு? அப்படி யாருக்கு இவ்வளவு அவசரம்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து போராட்டத்துக்கு அவர்தான் குரல். ஊர்வலம், மறியல், ஒருமுறை போலீஸ் வேன்கூட. தம்பி கடைசி வரிசையில் தண்ணீர் கேனைச் சுமந்துகொண்டு வருவான்.

அண்ணன் பட்டறைக்குப் போன நேரமாகப் பார்த்து அதிகாரிகள் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மின்சாரம் துண்டிக்கப்படும் என்றார்கள், கடை முதலாளியிடமும் போய்ப் பேசினார்கள். தம்பி மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு காலையில் தம்பி போய், வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் யாரோ அதை அண்ணன் காதில் போட்டார்கள்.

"கையெழுத்துப் போட்டவன் நம்ம தெருவையே வித்தவன்" என்று அவர் மேடையில் சொன்னார். பெயர் சொல்லவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தம்பி கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு அந்த வீட்டோடு யாரும் பேசவில்லை. கதவில் சாணியை அடித்தார்கள். சத்தக்காரர் பார்த்தார், ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. லாரியில் சாமான் ஏறிய அன்று பட்டறைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அடுத்த வாரமே இடித்தார்கள். தம்பி வீட்டுக் கூடத்தின் இளநீலச் சுவர், ஆணிகளோடு, இப்போது அவர் வீட்டுக்கு வெளிச்சுவராக நின்றது.

பிறகு ஆட்சி மாறியது. செலவு கட்டுப்படியாகாது என்று திட்டத்தையே கைவிட்டார்கள். தெருவே ஆடியது. அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார்கள். மறுநாள் அவர் இரண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே அரசாங்கம் தம்பிக்குக் கொடுத்திருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்.

"வாங்க" என்றான் தம்பி. பிறந்ததிலிருந்து 'வாண்ணா' என்று கூப்பிட்டவன். அண்ணன் அங்கேயே பாதி உடைந்துபோனார்.

காலி இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம், அதற்கும் போராடுவோம் என்று சொல்லிப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோடு உங்க பாதி மேல போகல. அதனால உங்களுக்குப் பயமில்ல. நான் பயந்துட்டேன். நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல, அந்த ரயில் வேண்டாத ரயில்தான். ஆனா மேடையில ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்து, 'ஏன்டா போட்டே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சத்தக்காரர் ஏதோ சொன்னார். தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சொன்னீங்க? காதுல விழல" என்றாள். அவர் திரும்பச் சொல்லவில்லை.

இடித்த நிலத்தை அரசாங்கம் திருப்பித் தரவில்லை. கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறது. அடுத்த போராட்டத்துக்கு வந்து கூப்பிட்டவர்களிடம் அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் நிற்கிறேன், பேசச் சொல்லாதீர்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போகிறார். நல்ல நாற்காலியை எடுத்துப் போடுகிறார்கள். விருந்தாளியைப் போலக் கவனித்து அனுப்புகிறார்கள்.