வாங்கலாம், விற்கலாம், போட்டோ கொப்பியும் எடுக்கலாம்

நடந்தது இவ்வளவுதான்:

1. ஒரு இலவச அலுவலக மென்பொருளுக்கு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தமிழில் கையேடு எழுதி இணையத்தில் போட்டோம்.

2. நமுனுகுல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணினி வகுப்பு நடத்தும் டீச்சர் அதைப் புத்தகமாகக் கேட்டார். அங்கே மழை வந்தால் சிக்னல் போய்விடும். மழையோ தினமும் வருகிறது.

3. பதுளையில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன் - நாங்கள் 'நானா' என்போம் - தன் செலவிலேயே அச்சடித்து விற்கிறேன் என்றார்.

4. கையேட்டின் முதல் பக்கத்தில் நாங்களே எழுதி வைத்திருந்தோம் - 'வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது.'

யாராவது கொள்ளையடித்துவிடுவார்கள் என்று பயந்து போட்ட வரி அது. கொள்ளையடிக்க யார் வந்தார்? படிக்கவே ஆளில்லை...

சரி, வரியை அழித்துவிடலாமே? முடியாது. அவரவர் எழுதிய பகுதி அவரவர் உரிமை. உரிமத்தை மாற்ற ஆறு பேரும் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேர் சரி. விரிதாள் அத்தியாயம் எழுதிய மனோகரி மட்டும் மாட்டேன் என்றாள். என்னோடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள். அவளைப் பார்க்க அவள் ஊரான தெமோதரைக்கே போனேன்.

"வித்தா வித்துட்டுப் போகட்டும். நாளைக்கு அவரு, 'இத யாரும் போட்டோ கொப்பி எடுக்கக் கூடாது'ன்னு பின்னட்டையில போட்டா? நாம எழுதினத தோட்டத்து லயன் வீட்டுப் புள்ளைகளே எடுக்க முடியாது. அப்ப என்னடி பண்ணுவ?"

நியாயம்தான். அதற்கும் ஒரு உரிமம் இருக்கிறது என்றேன். யாரும் விற்கலாம். வாங்கியவர் படியெடுக்கலாம், திருத்தலாம், அவரும் விற்கலாம். எழுதியவர்கள் பெயர் இருக்க வேண்டும். இதே நிபந்தனை தொடர வேண்டும்.

"அதுன்னா எனக்குச் சம்மதம். ஆனா நானாகிட்ட போய்ச் சொல்லிப் பாரு... கடைய விட்டே தொரத்துவாரு."

மறுநாள் அச்சகத்துக்குப் போய்ச் சொன்னேன். நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒராள் வாங்கி, கிளாஸ் முழுக்க கொப்பி எடுத்துக் குடுக்கலாமா மகள்?"

"குடுக்கலாம் நானா."

"பக்கத்துக் கடைக்காரனும் அச்சடிச்சு விக்கலாமா?"

"விக்கலாம்."

டீச்சரிடம் புத்தகம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நானா மெதுவாகத் திரும்பி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல போட்டோ கொப்பி மெஷின் யாருகிட்ட இருக்கு?"

"உங்ககிட்டதான்."

"அப்ப என்ன பயம்? கொப்பி எடுக்கவும் இங்கதானே வரணும்."

உரிமம் என்றாலே வேலி என்று நினைத்துவிடுகிறோம். யார் யார் உள்ளே வரலாம் என்று எழுதி வைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

இன்றைய நிலை: ஆறு பேரும் சம்மதித்துவிட்டார்கள். முதல் பக்கத்தை மாற்றியாயிற்று. புத்தகம் அச்சில் இருக்கிறது. விலையை நானா முடிவு செய்வார் - போட்டோ கொப்பி விலையையும் அவரேதான்.