வெள்ளை என்று எழுதப்பட்ட ஐம்பத்திரண்டு பேர்

வெர்னிஸ் அத்தை எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக மதியச் சாப்பாடு பரிமாறுகிறார். தட்டில் மக்காச்சோள ரொட்டியை வைக்கும்போதே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வட கரோலினாவின் இந்த மார்லோ க்ரீக்கில் அவருக்குத் தெரியாத கறுப்பர் குடும்பம் கிடையாது.

என் அப்பா ஆல்டன் அவருடைய தம்பி, லாரி ஓட்டுகிறவர். ஹாலோவே சாலையில் போலீஸ் அவரை மூன்றாவது முறையாக நிறுத்தி, இண்டிகேட்டர் போடாமல் தடம் மாறியதாக அபராதச் சீட்டுக் கொடுத்தது. போட்டேன் என்றார் அப்பா. சீட்டு நிலைத்தால் லாரி உரிமம் போய்விடும்.

இலவசமாக வழக்கை எடுத்த வக்கீல் புரூயிட் அம்மா ஒரு வழி சொன்னார். அந்தச் சாலையில் நிறம் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள் என்று எண்ணிக்கையால் காட்டினால், சீட்டைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். நானும் அத்தையும் நான்கு நாள் அந்தச் சாலை முக்கில் நின்று, வண்டி ஓட்டிப் போகிறவர்களை எண்ணினோம். ஓட்டுகிறவர்களில் நூற்றுக்கு முப்பத்தொருவர் கறுப்பர். போலீஸ் அந்த வருடம் எழுதிய ஆயிரத்து இருநூறு சீட்டுகளின்படி, நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பத்துமூவர் கறுப்பர். பெரிய வித்தியாசம் இல்லையே என்றது போலீஸ்.

அத்தை சீட்டு நகல்களை வாங்கிவந்து பெயர் பெயராகப் படித்தார். சீட்டில் நிறத்துக்கான கட்டத்தை நிரப்புகிறவர் வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரர்தான். ‘வெள்ளை’ என்று எழுதியிருந்த சீட்டுகளில் நூற்றுத்தொண்ணூறு பேர் அத்தைக்குத் தெரிந்த கறுப்பர்கள். அவர்களையும் சேர்த்தால் நூற்றுக்கு முப்பத்துமூன்று என்பது நாற்பத்தொன்பதாகிவிடுகிறது.

“உங்களுக்குத் தெரியும்னு சொன்னா ஜட்ஜ் ஏத்துக்க மாட்டார், வெர்னிஸ்மா. அவங்களே கையெழுத்துப் போடணும்,” என்றார் வக்கீல். “ஒரு ஐம்பது பேர் போட்டா போதும். கைதவறி எழுதிட்டோம்னு அப்புறம் போலீஸ் சொல்ல முடியாது.”

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அத்தை அந்த நூற்றுத்தொண்ணூறு பேர் பட்டியலை வாசித்தார். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் சபையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கத்தான் அப்படிப் பெயர் வாசிப்பது வழக்கம். அதனால் முதல் பெயருக்கு யாரோ “ஆமென்” என்றுவிட்டார். அப்பா அன்று சரக்கோடு ஜார்ஜியாவில் இருந்தார்.

“டீக்கன் லூதர் ஸ்பைவி. வெள்ளை.”

சபைப் பொறுப்பாளரான டீக்கன் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“எப்பங்க மாறினீங்க? சொல்லவே இல்லையே,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“எம் பொண்டாட்டிக்கே இப்பதான்யா தெரியும்.”

“அதான் வெள்ளைக்காரங்க மாதிரி கைதட்டுறப்ப தாளம் தப்புதா?”

சபை சிரித்தது. ஐம்பத்திரண்டு பேர் நின்றார்கள்.

அத்தை மேசைமேல் ஒரு தாளை விரித்தார். பெயர், முகவரி, கையெழுத்து. சிரிப்பு அடங்கியது.

“இது போலீஸ் கைக்குப் போகுமா, வெர்னிஸ்?” என்று டீக்கன் கேட்டார்.

“கோர்ட்டுக்குப் போனா அவங்களுக்கும் போகும்தான்.”

“எம் பேரன் தினமும் அந்த ரோட்டுலதானம்மா போறான்.”

“தெரியும் டீக்கன். சாப்பிட்டுட்டுப் போங்க, பொரிச்ச கோழி இருக்கு.”

ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆயிரத்து இருநூறில் ஆறு என்றால் அது எழுத்துப்பிழை என்றார் நீதிபதி. சீட்டு நிலைத்தது.

நீதிமன்றத்துக்கு வெளியே அப்பா அத்தையின் காரில் சாய்ந்து நின்றார்.

“ஆறு பேர்தானா கிடைச்சாங்க?”

“ஆறு பேர்கிட்டதான்டா கேட்டேன்.”

“சர்ச் நிறைய ஆளுங்க இருக்காங்களே, அக்கா.”

“முட்டி வலி. வீடு வீடா படியேற முடியல.”

அப்பா என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். சபையில் ஐம்பத்திரண்டு பேர் எழுந்து நின்றதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. நின்றவர்களும் அவரிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கவில்லை.

இப்போது அப்பா மர ஆலையில் பலகை அடுக்குகிறார். ஞாயிறன்று டீக்கன் லூதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் பிரித்துக் கொடுக்கிறார். அக்காவோடு பேசுவதில்லை. அத்தை வெள்ளைக் கையுறையோடு சபை வாசலில் வரவேற்பாளராக நின்று, வருகிறவர்களுக்கு அட்டை விசிறி கொடுக்கிறார். அப்பாவும் ஒன்று வாங்கிக்கொள்கிறார், முகத்தைப் பார்க்காமல்.