அவர் எஞ்சினுக்கு என் காது

எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் வாடை அடித்தால் யாருக்கோ வயிறு சரியில்லை என்று நினைத்துவிட வேண்டாம். என் வீட்டுக்காரர் கொல்லையில் தன்னுடைய குட்டி விமானத்தின் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த எஞ்சினுக்கு ஊற்றுகிற எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அது புகையோடு வந்து கொடியில் காய்கிற துணியிலெல்லாம் படியும். நானோ தையல்காரி. ஊரார் நம்பிக் கொடுத்த பட்டுத் துணியில் ஒரு சொட்டு தெறித்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். இதற்காகப் போட்ட சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. அதில் பாதி அவர் காதில் விழவே இல்லை என்பது வேறு விஷயம்.

அவருக்குக் காது மந்தம். ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டியவர். டீசல் எஞ்சினின் தலைமேலேயே உட்கார்ந்து காலம் தள்ளியதில் கீச்சென்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு போன் மணி. அப்புறம் என் குரல். தடித்த சத்தம் பக்கத்தில் இருந்தால் மட்டும் கேட்கும். காதுக்கு மெஷின் வாங்கினோம். கடற்கரையில் காற்று அடித்தால் அதில் இரைச்சல் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று கழற்றி வைத்தார். அது இன்றும் ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

ஒருநாள் கடலில் வலை இழுக்கும்போது பின்னாலிருந்து ஆட்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கயிற்றில் ஒருத்தர் கால் மாட்டப் பார்த்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரைக்கு வந்ததும் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை.

என் பிறந்த வீடு பரமக்குடிப் பக்கம். அங்கே தண்ணீர் வற்றிய கண்மாயில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் ரிமோட் விமானம் பறக்கவிடுவார்கள். ஒரு கல்லூரி வாத்தியார்தான் அவர்களுக்குத் தலைவர். ஒருமுறை ஊருக்குப் போனபோது இவர் அங்கே வேடிக்கை பார்க்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார். அடுத்த வாரம் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டார்.

காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருடைய கைக்குத் தெரியும். அதனால் சீக்கிரமே நன்றாக ஓட்டினார். அவர் முதலில் ஓட்டியது பேட்டரி மோட்டார் வைத்த தெர்மோகோல் விமானம். ஒருநாள் நடுவானில் மோட்டார் நின்றுவிட்டது. எல்லோருக்கும் தெரிந்தது, இவருக்கு மட்டும் தெரியவில்லை. ஓடுகிறது என்று நினைத்து மேலே ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். விமானம் தலைகுப்புற விழுந்தது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சற்றுத் தள்ளி.

வாத்தியார் தன்மையான மனிதர். "அண்ணே, தப்பா நெனைக்காதிய. எஞ்சின் நின்னது தெரியாம பறக்கவிட்டா ஆபத்து. அதுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வேணாம்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது இவர் முகம் படகுச் சாவியைக் கொடுத்த நாளில் இருந்தது போலவே இருந்தது. இனி ஒரு தடவை இவர் எதிலிருந்தும் இறங்கி வரக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மதுரையில் பழைய எஞ்சின்கள் வைத்திருக்கும் ஒருவர் இருந்தார். பேட்டரியை விட்டுவிட்டு, சத்தம் போடுகிற எஞ்சினாகப் பார்த்து வாங்கலாம் என்று இவர் கிளம்பினார். காசைக் கரியாக்கிவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன். அந்த மதுரைக்காரர் தன் வீட்டு மொட்டைமாடியில் முதலில் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். சின்னது, எடை கம்மி, பெரிய பராமரிப்பும் கிடையாது. ஆனால் அது போட்ட கூச்சலில் நான் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டேன். இவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். "எங்கனயோ வண்டு பறக்குற மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது. விலையும் எடையும் கூட. வால்வு இருக்கிறது, அதற்கு இடைவெளி பார்த்து வைக்க வேண்டும். ஆனால் நிதானமாகச் சுற்றும், விமானத்தின் மூக்கில் மாட்டுகிற பெரிய காற்றாடியை இழுக்கும், சத்தம் அடித்தொண்டையில் வரும். அது தட்தட்டென்று பிடித்ததும் இவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "ஏ புள்ள, கேட்டியா? நம்ம போட்டு எஞ்சினு மாதிரியே பேசுது!" என்று மாடி அதிரக் கத்தினார். வேண்டாம் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். வாய் தானாக, "இதையே எடுத்துக்கங்க" என்றது.

வீட்டுக்கு வந்து எஞ்சினைப் புது விமானத்தில் பூட்டினார். அதைக் கொல்லையில் ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டி ஓட்டினார். எரிபொருளைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். அப்புறம் சூடேறித் திணறும். உடனே இவர் திருகை மூடுவார். இன்னும் திணறும், இன்னும் மூடுவார். கடைசியில் செத்துப்போகும். ஒருநாள் நிற்கும்போது ஓர் உதை உதைத்தது பாருங்கள், காற்றாடி கழன்று பறந்து போய் முருங்கை மரத்தில் செருகிக்கொண்டது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். இவர், "எஞ்சினு சரியில்ல, ஏமாத்திட்டான்" என்று மதுரைக்காரரைத் திட்டினார்.

எனக்கு எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தையல் மெஷினுக்கு எண்ணெய் வற்றினால் அடுத்த அறையில் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். சத்தம் மெலிந்து, வறண்டு போகும். இவர் திருகை மூட மூட இந்த எஞ்சினிலும் அதே வறட்சியைக் கேட்டிருந்தேன். அந்த வறட்சி இவருக்கு எட்டாத சத்தம். அடித்தொண்டைச் சத்தம் மட்டும் வைத்து எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மூடாதீங்க, திறங்க" என்றேன்.

"சூட்டுல கெடந்து சாகுது, இன்னும் ஊத்தச் சொல்றியா? எம்புட்டுக் காலம் எஞ்சினு ஓட்டுனவன் நான்!"

அங்கேதான் சிக்கலே. டீசல் எஞ்சின் சூடானால் டீசலைக் குறைப்பார்கள், அது தணியும். கடலில் அவர் கை பழகிய பழக்கம் அது. இந்தக் குட்டி எஞ்சினுக்கு எல்லாம் நேர்மாறு. உள்ளே போகும் எரிபொருள்தான் அதைக் குளிரவும் வைக்கிறது. குறைத்தால் கொதிக்கும். மதுரைக்காரருக்குப் போன் போட்டு இவர் காதருகே ஸ்பீக்கரில் வைத்தேன். அவரும் அதையே உரக்கச் சொன்னார். இவர் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்திலிருந்து காற்றாடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "சரி, இங்கன வந்து நில்லு" என்றார்.

அன்றிலிருந்து திருகு அவர் கையில், காது என்னுடையது. இருவரும் காற்றாடிக்குப் பின்பக்கம்தான் நிற்போம். அவர் மெல்ல மூடிக்கொண்டே வருவார், சத்தம் ஏறும். இதற்கு மேல் ஏறாது என்கிற இடம் வந்ததும் நான் கையைத் தூக்குவேன். அங்கிருந்து கொஞ்சம் திறந்து வைப்பார். அப்புறம் விமானத்தை மூக்கு வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். அப்போதும் சத்தம் இளைக்காமல் நின்றால் சரி. இளைத்தால் நான் முகத்தைச் சுளிப்பேன், இன்னும் கொஞ்சம் திறப்பார். "இந்த மூஞ்சியக் கல்யாணத்துக்கு முன்னாடி காட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார். நான் திட்டுவேன். அது காதில் விழாது. இப்படியாக எங்கள் குடித்தனம் நன்றாகவே போயிற்று.

தரையில் எல்லாம் சரி. மேலே போன பிறகு என்ன செய்வது? காற்றிலும் தூரத்திலும் ஃபோர் ஸ்ட்ரோக்கின் சத்தம்கூட அவருக்கு எட்டாது. அதற்கு அவரே வழி சொன்னார். படகில் எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஓட்டுகிறவருக்குப் பின்னால் நிற்பவர் தோளில் தட்டித்தான் சேதி சொல்வார். "நீ என் முதுகுல தட்டு. ஓடுற வரைக்கும் தட்டிக்கிட்டே இரு" என்றார்.

இறக்கைகளை என் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் பரமக்குடிக்குப் போனோம். கண்மாயில் வாத்தியாரும் மற்றவர்களும் கூடி நின்றார்கள். இன்று சரியாக வராவிட்டால் இவருக்கு இனி இங்கே வேலை இல்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் புருஷன் முதுகில் கை வைத்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. விமானம் ஓடி, எழும்பியது. நான் தட்ட ஆரம்பித்தேன். எஞ்சினின் அடியை அப்படியே தட்ட எந்தக் கையாலும் முடியாது. அது விரைந்தால் நானும் விரைந்தேன், தணிந்தால் தணிந்தேன். சட்டைக்குள் அவர் முதுகு மெல்ல இளகியது. வட்டம் போட்டார், சாய்த்தார், கருவேல மரங்களுக்கு மேலே தாழ்வாகக் கொண்டுவந்து திரும்பவும் ஏற்றினார்.

அந்த உயரத்தில் எஞ்சின் நின்றது. டேங்குக்குள் ஒரு குழாய் கழன்றிருந்தது என்று பிறகு பார்த்தோம். பட்டென்று வந்த அந்த அமைதியில் எனக்கு உயிரே போயிற்று. தட்டுவதை நிறுத்தி, சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விமானத்தின் மூக்கை உடனே தாழ்த்தி, காற்றுக்கு எதிராகத் திருப்பி, எஞ்சின் இல்லாமலேயே மிதக்கவிட்டு இறக்கினார். ஆடுகள் நின்ற பக்கத்தை விட்டு வெகுதூரம் விலக்கியே கொண்டுவந்தார். சக்கரம் காய்ந்த மண்ணில் பட்டு உருண்டு நின்றது. வாத்தியார்தான் முதலில் கைதட்டினார். "அண்ணே, அடுத்த வாரம் ரெண்டு பேரும் வந்துருங்க" என்று ஓடிவந்து அவர் காதருகே கத்தினார்.

எல்லோரும் விமானத்தை எடுக்கப் போனார்கள். இவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கோபமோ என்று பயந்தேன்.

"என்ன புள்ள, கையை எடுத்துட்ட?" என்றார்.

"நின்னுருச்சுன்னு பிறகு எப்படிச் சொல்றது?" அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"தட்டுறத நிப்பாட்டுனாலே எனக்குத் தெரிஞ்சுரும்" என்றார். அவருக்கு மெதுவாகப் பேசவே வராது, ஆனால் அன்று மெதுவாகத்தான் சொன்னார். "கைய மட்டும் எடுக்காத. எடுத்த ஒடனே எனக்கு எல்லாமே நின்னு போன மாதிரி இருந்துச்சு."

கையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். யார் பார்த்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.